வாசல் எந்தப் பக்கம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு வாலாஜாபாத் பக்கம் போனது. என் சிமெண்ட் கடை அங்கேதான். போன் செய்து கேட்டேன், அங்கேயும் பெய்யவில்லை.

சனிக்கிழமை பங்காளி துரைசாமி அண்ணன் தவறிவிட்டார். கூரம் கிராமத்தில் எடுத்தார்கள். பதினாறு நாள் தீட்டு. இந்த நேரம் பார்த்து ஐரோப்பா டூர். போகலாமா என்று பெரியவர்களைக் கேட்டேன். பிளேன் ஏறலாம், கோயில் பக்கம் மட்டும் போகாதே என்றார்கள்.

டார்கெட் முடித்த டீலர்களை சிமெண்ட் கம்பெனி எங்காவது ஓட்டிக்கொண்டு போகும். டீலர் மட்டும்தான், குடும்பம் கிடையாது. போன தடவை பாங்காக். நான் போகவில்லை. இந்தத் தடவை வியன்னா, அங்கிருந்து ஒரு நாள் மட்டும் பஸ்ஸில் பிராக். நோட்டீஸில் பிராக் என்று பார்த்ததிலிருந்து ராஜிக்கு வேறு பேச்சு இல்லை. பிரபு அங்கேதான் இருக்கிறான். எங்களுக்கு ஒரே பிள்ளை.

எடுத்துப் போக: பி.பி. மாத்திரை. ஸ்வெட்டர் (ஜூனில் எதற்கு? சொன்னால் ராஜி கேட்டால்தானே). இட்லிப் பொடி, பெரிய டப்பா, பிரபுவுக்கு. கொலுசு ஒரு ஜோடி, பேத்திக்கு. அளவு உத்தேசம்தான்.

அவனோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்ட பிறகுதான் போனில் சொன்னான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவன் போன் வந்தால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன். ராஜி பேசுவாள். பேத்தி பிறந்ததும் அவள் சொல்லித்தான் தெரியும்.

நேற்று அவன் சொன்னதை ராஜி அப்படியே ஒப்பித்தாள். "சனிக்கிழமை பதினோரு மணிக்கு, கோட்டைக்குள்ள பெரிய சர்ச் முன்னாடி, குழந்தையோட நிக்கிறானாம். அப்பா வந்து நின்னா போதுமாம், எதுவும் பேச வேணாமாம். வரலன்னா இனிமே உங்க பேச்சையே எடுக்கக் கூடாதுன்றான்."

வருவேன் என்று சொல்லு என்றேன். அவள் பொடி டப்பாவை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 12, வியாழன். வியன்னா

லேசான வெயில். ஸ்வெட்டர் பெட்டியிலேயே. எங்கு பார்த்தாலும் அரண்மனை. முதல் இரண்டைப் பார்த்தேன், மூன்றாவதில் முட்டி வலி.

ரூம்மேட் உத்திரமேரூர் டீலர் ஏழுமலை. நல்ல மனிதர், குறட்டைதான் லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. டூர் மேனேஜர் ஸ்ரீதர், சென்னைப் பையன், எல்லோரையும் சார் சார் என்பான். அவனிடம் தனியாகக் கேட்டேன், பிராக்கில் கோட்டைக்குள் போவோமா என்று. அதுதான் சார் முதல் ஸ்பாட், அங்கேயே ஒரு மணி நேரம் ஃப்ரீ டைம் என்றான். வயிற்றில் பால் வார்த்தான்.

சாப்பாடு: தயிர்ச்சோறு. கம்பெனி சமையல்காரரைக் கூடவே கூட்டி வந்திருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

மேகமூட்டம். கப்பலில் ஆற்றைச் சுற்றிக் காட்டினார்கள். எல்லோரும் போட்டோ. நான் மனசுக்குள் ஒத்திகை.

பேச வேண்டாம் என்றிருக்கிறான். அதற்காகக் குத்துக்கல் மாதிரியா நிற்பது? "சாப்ட்டியா" என்று கேட்கலாம். அது போதும். அதற்கு மேல் வராது எனக்கு.

குழந்தைக்குத் தமிழ் தெரியுமா? ராஜியைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஆசை இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள் என்று கேட்கவில்லை. அறுபத்து மூன்று வயதில் பெண்டாட்டியிடம் இந்த வீம்பு.

ஜூன் 14, சனி. காலை, பஸ்ஸில்

பளிச்சென்ற வெயில். விடிந்ததும் கிளப்பிவிட்டார்கள்.

போன் செத்துவிட்டது. ராத்திரி சார்ஜில் போட்டுத்தான் படுத்தேன். இந்த ஹோட்டலில் ரூம் கார்டைச் சுவரில் செருகினால்தான் கரண்ட். ஏழுமலை காற்று வாங்கப் போகிறேன் என்று கார்டை உருவிக்கொண்டு போய், வந்து தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிவிட்டார். ஸ்ரீதரிடம் பவர் பேங்க் கேட்டேன். டிக்கியில் இருக்கும் பெட்டிக்குள்ளாம், இறங்கும்போது தருகிறானாம்.

பரவாயில்லை. இடம் தெரியும், நேரம் தெரியும். கொலுசு சட்டைப் பையில். பொடி தோள் பையில்.

அதே நாள், சாயங்காலம், திரும்பும் பஸ்ஸில்

பஸ் குலுக்குகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும். நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

இறங்கின அவசரத்தில் ஸ்ரீதர் பவர் பேங்கை மறந்துவிட்டான். நானும் கேட்கவில்லை. கைடு ஒரு அம்மாள், என் வயது இருக்கும், கையில் மஞ்சள் குடை. அவர் இங்கிலீஷில் சொல்ல, ஸ்ரீதர் தமிழில். கோட்டைக்குப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஏற்றினார்கள். மேலிருந்து பார்த்தால் ஊரே சிவப்பு ஓடு, நடுவில் ஆறு. பாலாறு மாதிரி இல்லை, தண்ணீர் ஓடுகிறது.

மேலே ஒரு சதுக்கம். இந்தப் பக்கம் சிவப்பாகச் சின்ன சர்ச். அந்தப் பக்கம் கறுத்துப்போன பெரிய சர்ச். பெரியது முடிக்க அறுநூறு வருடம் பக்கம் ஆனதாம். நம்ம சிமெண்ட் குடுத்திருந்தா ஒரே வருஷம் என்றார் ஏழுமலை. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சந்தோஷமாகத்தான் இருந்தேன் அப்போது.

வெயில் அந்தக் கறுப்புச் சுவரில் நேராக விழுந்தது. அப்படியானால் அது கிழக்கு. கோயிலுக்கு முகம் கிழக்கு. முன்னாடி என்றால் இதுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கதவைத்தான் காணோம். சுவர் அரைவட்டமாக வளைந்து, சுற்றிலும் முட்டுக் கொடுத்த தூண்கள். வாசலை அடைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். நம் ஊரிலும் கோபுர வாசலைப் பூட்டி வைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஆளை விடுவது இல்லையா?

"உள்ள போறவங்கல்லாம் இப்படியே சுத்தி அந்தப் பக்கம் போங்க சார்" என்றான் ஸ்ரீதர். டிக்கெட் கவுண்டர் அங்கே என்று எடுத்துக்கொண்டேன். எல்லோரும் போனார்கள். எனக்குத் தீட்டு. எந்தச் சாமியாக இருந்தால் என்ன, கோயில் கோயில்தான். உள்ளேயும் போகவில்லை, சுற்றவும் இல்லை. சுற்றப் போன நேரத்தில் பிரபு வந்துவிட்டால்?

பதினொன்று அடித்தது. நின்றேன்.

குழந்தையோடு வந்த ஆண்கள் எல்லோரையும் பார்த்தேன். முறைத்துப் பார்க்கிறேன் என்று ஒரு பெண் பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். கொலுசைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். பிறகு உள்ளே போட்டேன். மறுபடி எடுத்தேன்.

மணி பன்னிரண்டு. அடிக்கிற மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூட்டம் திரும்பி வந்தது, மஞ்சள் குடை உயர்ந்தது. போய்விட்டேன்.

கோபம் கோபமாக வந்தது. வரச் சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டான் என்று. உள்ளதைச் சொன்னால் ஒரு ஓரத்தில் நிம்மதியும். தப்பு இப்போது அவன் பக்கம். மத்தியானம் முழுக்க அந்த நிம்மதியோடு சுற்றினேன். பாலத்தில் சிலைகள். பொம்மைகள் வந்து போகும் ஒரு கடிகாரம். தயிர்ச்சோறு. ஒன்றுகூட விடாமல் பார்த்தேன்.

பஸ் ஏறினதும் பவர் பேங்க் வந்தது. போன் உயிர் பிடிப்பதற்குள் ஏழுமலை பேச்சுக் கொடுத்தார். "சர்ச் வாசல்ல நம்ம ஊரு ஆளு மாதிரி ஒருத்தன்பா. குழந்தையைத் தோள் மேல வச்சிக்கினு நின்னுக்கினு இருந்தான். தமிழான்னு கேக்கலாம்னு பாத்தேன், அதுக்குள்ள கியூ நகந்துடுச்சு."

எந்த வாசல் என்று கேட்டேன். "அந்தாண்ட பக்கம்பா. பெரிய கதவு, மேல பெரிய ரவுண்டு ஜன்னலு. நீதான் வரவே இல்லியே."

போன் எழுந்தது. பிரபுவின் மிஸ்டு கால் வரிசையாக. ராஜியின் குரல் மெசேஜ்கள். "இன்னாங்க, எங்க இருக்கீங்க? வாசல்லயே நின்னுக்கினு இருக்கான்." அடுத்தது, "குழந்தை வெயில்ல அழுவுதாம்." அடுத்தது எழுத்தில், ஒரே வார்த்தை. போய்ட்டான்.

நடுவில் ஒரு போட்டோ. பிரபுவுக்குத் தலை நரைத்திருக்கிறது, முன்பக்கம். தோளில் குழந்தை, என் அம்மாவின் நெற்றி. பின்னால் ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு கதவு.

ஒரே சர்ச். அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

பிரபுவுக்கு அடித்தேன். ரிங் போகிறது. எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். பஸ்ஸைத் திருப்ப முடியுமா என்று ஸ்ரீதரைக் கேட்டேன். விஷயத்தைச் சொன்னேன், வெட்கம் பார்க்காமல். பாவம், ஓடிப்போய் டிரைவரிடம் பேசினான். டிரைவர் மணியைக் காட்டினார். இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் இங்கே லைசென்ஸ் போய்விடுமாம். நாளைக் காலை பிளேன். திருப்பித்தான் என்ன? நடுரோட்டில் யாரைத் தேடுவது?

பொடி டப்பாவைத் திறந்து முன் சீட்டுக்காரரிடம் கொடுத்தேன். சுற்றி வந்தது. எண்ணெய் இருந்தால் இன்னும் நல்லாருக்கும் என்றார் யாரோ.

ஜூன் 16, திங்கள்

ஊர். அனல். ஏர்போர்ட்டிலிருந்து செவிலிமேடு வரை வேன். நான் இறங்கும்போது ஏழுமலை கையைப் பிடித்தார். கார்டை உருவியதை நினைத்திருப்பார்.

ராஜி தண்ணீர் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். கிழக்கு, வெயில், அடைத்த வாசல், தீட்டு. முழுக்கக் கேட்டாள். சண்டை போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை. அது இன்னும் மோசம்.

"எந்தக் கோயிலுக்குப் போனாலும் மூணு சுத்து சுத்தாம வர மாட்டீங்க. அங்க ஒரு சுத்து சுத்தலன்றீங்க."

தீட்டு என்றேன். "சரி, விடுங்க" என்றாள்.

எங்கள் ஊர் வரதராஜர் கோயிலுக்கே ராஜகோபுர வாசல் மேற்கேதான். பிறந்ததிலிருந்து அந்த வாசலில்தான் நுழைகிறேன். தெரியாதவனா நான்? அங்கே நின்றபோது அது ஏன் ஞாபகம் வரவில்லை?

கொலுசு பீரோவில். ராஜி வாங்கிப் பார்க்கவில்லை.

ஜூன் 18, புதன்

வெயில். கடைக்குப் போனேன். டூர் எப்படி என்று எல்லோரும். நல்லா இருந்தது என்றேன்.

பிரபுவுக்கு மெசேஜ் எழுதினேன். நான் வந்தேன், பின்பக்கம் நின்றேன். படித்துப் பார்த்தால் எனக்கே பொய் மாதிரி இருக்கிறது. ஆறு வருடமாகப் பேசாத ஆள், பதினோரு மணிக்கும் வராதவன், போன் செத்துப் போச்சு, வாசல் மாறிப் போச்சு என்கிறான். கடையில் கடன் கேட்கிறவன்கூட இதைவிட நன்றாகச் சொல்வான். இருந்தாலும் அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

விடியற்காலை லேசாகத் தூறல். கூரத்தில் அண்ணன் காரியம் முடிந்தது. தீட்டு கழிந்தது. இனி கோயிலுக்குப் போகலாம். போகவில்லை.

மத்தியானம் பிரபு போன், ராஜிக்கு. நான் செருப்பு மாட்டவில்லை. கூடத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்தேன், அவள் கண்ணில் படுகிற மாதிரி. போனை என்னிடம் நீட்டுவாள் என்று நினைத்தேன். பார்த்தாள். பிறகு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

குழந்தை சாப்பிட்டதா, பள்ளிக்கூடம் எப்போது என்று ஏதேதோ. அப்புறம் அவன் என்ன கேட்டான் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னதுதான் கேட்டது. மெதுவாகச் சொன்னாள்.

"வந்தாராம்பா. பின்பக்கம் நின்னாராம்."

வந்தார் என்று சொல்லவில்லை. வந்தாராம்.