கோயிலுக்குப் பறித்த பழம்

28-3-68
ஈஸ்டர் திருவிருந்துக்கு இந்த வருஷமும் திராட்சரசம் நான்தான் காய்ச்சுவேன். சபைக் கமிட்டியில் ஜெயசீலி, "டீச்சருக்கு வயசாகுதே, நான் செய்யட்டுமா?" என்றாள். பதினெட்டு வருஷமாகச் செய்கிறவளுக்கு வயசாம்! தாம்பரம் மார்க்கெட்டுச் சொத்தைப் பழம் வேண்டாம். கம்பத்துக்கே போய்த் தோட்டத்தில் வாங்கிவருகிறேன்.

3-4-68, கம்பம்
மலையடிவாரம் வரை பந்தல் பந்தலாகத் திராட்சை. எட்டிப்பார்த்தால் உள்ளே பகலிலேயே இருட்டு. கறுத்த குலைகள், ஆனால் ஒரு குருவிகூட இல்லை. இலையெல்லாம் வெள்ளைப் பொட்டு, மூக்கை அரிக்கிற வாடை.

தோட்டக்காரர் சாலமோன் தெரிந்தவர்தான், ஆனாலும் மறித்தார். "நேத்துத்தான் மருந்தடிச்சிருக்கு டீச்சர். பதினஞ்சு நாளைக்கு ஒருத்தரையும் உள்ள விடமாட்டேன்." அதற்குள் ஈஸ்டர் போய்விடும். மற்ற தோட்டங்களில் எல்லாம் பச்சைக் காய். வெறுங்கையோடு போய் ஜெயசீலி முன்னால் நிற்பதா? "ஆண்டவரோட பந்திக்கே இல்லேங்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் இடுப்பிலிருந்து குலை வெட்டும் கத்தரியை எடுத்தார்.

கூலிக்கு வந்திருந்த கங்கையம்மாள்தான் அவரிடம் கத்தரியை வாங்கினாள். "கோயிலுக்குன்னா நான் பறிச்சுத் தாரேம்மா." குலைகளை வெறுங்கையால் பிடித்து வெட்டி இரண்டு கூடை நிரப்பினாள். முடித்ததும், "கண்ணு மங்கலாத் தெரியுது" என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். வெயில்தான், மோர் குடி என்றேன். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

6-4-68
நாலு தண்ணீரில் கழுவி, கிராம்பு போட்டுக் காய்ச்சி ஜாடியில் ஊற்றியாயிற்று. நிறம் அருமை. சக்கையைக் கொய்யா மரத்தடியில் கொட்டினேன்.

7-4-68
பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரியின் கோழிகள் மூன்றும் கொய்யா மரத்தடியில் செத்துக் கிடந்தன. "ஏதோ சீக்கு டீச்சர்" என்கிறாள். அலகில் சக்கை ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை.

11-4-68
ஜாடியைத் திறக்கிறேன், மூடுகிறேன். காய்ச்சினதில் விஷம் போயிருக்காதா? இருநூறு பேர் குடிக்கப்போகிறார்கள். சொன்னால் பதினெட்டு வருஷப் பேர் போச்சு. சொல்லாவிட்டால்—

அந்தப் பெண்ணின் கண்... வெயில்தான். வெயிலாகத்தான் இருக்கும்.

13-4-68
கொல்லையில் குழி தோண்டிக் கொட்டிவிட்டேன். போதகரிடம் ஜாடி உடைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். "பரவாயில்லை டீச்சர், கிஸ்மிஸ் ஊறவெச்சுப் பாத்துக்கலாம்" என்றார். ஜெயசீலி ஊறவைத்தாள்.

14-4-68
ஈஸ்டர். எல்லோரும் சுகம். ஜெயசீலியின் ரசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

22-4-68
சாலமோன் கடிதம். கங்கையம்மாள் அன்று சாயங்காலமே வாயில் நுரை தள்ளிச் செத்துப்போனாளாம். 'உங்களைக் குறை சொல்லவில்லை, கத்தரியைக் கொடுத்தது நான்' என்று எழுதியிருக்கிறார். கடைசியில் இப்படி: 'அம்மா பறித்த பழம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவள் மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு வரி எழுதுங்கள்.'

ஐயோ, பாவி நான். ஆண்டவர் பேரைச் சொல்லி அவளை உள்ளே அனுப்பினது நான்தானே. மோர் குடின்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேனே.

23-4-68
கார்டு போட்டேன். 'போய்ச் சேர்ந்தது. இருநூறு பேர் திருவிருந்தில் எடுத்தோம்.'