பிரிக்க முடியாத சட்டம்

4 மார்ச் 2025, செவ்வாய்
சமையலறை அலமாரியின் முகப்புச் சட்டத்துக்கு அளவெடுத்தேன். தரையிலிருந்து மேல்தளம் வரை, சுவருக்குச் சுவர். பிள்ளை பிறப்பதற்குள் வேண்டும் என்கிறாள் மகள் ரமாபாய். மருமகன் டில்லிபாபு சொன்னான்: "ஸ்க்ரூ போட்டுடு மாமா. பில்டிங்க இடிக்கப் போறாங்க. கழட்டிக்கினு போவலாம்."
இடிக்கப் போகிறார்கள் என்று வியாசர்பாடியில் எத்தனை வருடமாகக் கேட்கிறேன்!

9 மார்ச், ஞாயிறு
ஸ்க்ரூ என்றால் அரை நாள் வேலை. மரமுளை அடித்தால் ஒரு நாள். குறுக்குச் சட்டத்தின் நுனியை நாக்காகச் செதுக்கி, நெடுஞ்சட்டத்தில் துளை எடுத்து இறக்கினால் ஒரு வாரம். பசை வைத்து மூங்கில் ஆணியும் அடித்துவிட்டால் அப்புறம் பிரிக்கிற பேச்சே இல்லை.
நாக்குதான். எனக்கு எவனும் தொழில் சொல்லித் தரவில்லை. இப்போது மட்டும் எல்லாரும் சொல்ல வருகிறார்கள்.
கழட்டுகிற மாதிரி செய்தால், போகிறேன் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகாதா? ஆகும்.

16 மார்ச்
அறைக்குள்ளேயே கோர்த்து ஆணி அடித்தேன். தட்டினால் ஒரே மரம் போலச் சத்தம். ரமா தடவிப் பார்த்தாள்.
"நல்லாத்தான் கீது நைனா. வெளிய எப்டி போவும்?"
"ஏன் போவணும்?"

21 ஏப்ரல், திங்கள்
காலி செய்யச் சொல்லி வாரியத்தார் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். புதிதாகக் கட்டியதும் திரும்பக் கொடுப்பார்களாம். நம்புகிறவர்கள் நம்பட்டும்.
கீழ்வீட்டுத் தாயம்மா மூட்டை கட்டிக்கொண்டே கூப்பிட்டாள்: "இன்னா மேஸ்திரி, கோட்டை கட்னியாமே! ராஜா எப்போ காலி பண்றாரு?"

3 மே
போக மாட்டேன் என்றேன். தண்ணீர் நின்றுவிட்டது. ரமா அந்த வயிற்றோடு கீழேயிருந்து குடம் தூக்கி வந்தாள். வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "நீ வராம நான் போவ மாட்டேன் நைனா." அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

5 மே
காலி செய்தோம். சட்டம் வாசலைத் தாண்டிற்று. படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. நிமிர்த்தினோம், சாய்த்தோம் — எவன்டா கட்னான் இந்தப் படிய! டில்லிபாபு அடிமுனையைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றான்.
படியில் வைத்தே ரம்பம் போட்டேன். மூட்டில் இல்லை, மூட்டு பிரியாது. நடு மரத்தில்.

12 ஜூன்
காலடிப்பேட்டை. வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம்.

2 ஜூலை
பழைய கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் மாடி இருந்த இடத்தில் வானம்.

17 ஆகஸ்ட், ஞாயிறு
பெண் குழந்தை. துணி வைக்கச் சின்ன அலமாரி கேட்டாள் ரமா. எந்த மூட்டு என்று யாரும் கேட்கவில்லை, டில்லிபாபு கூட.
அறுத்த சட்டத்தின் மூலைகள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. இழுத்துப் பார்த்தேன். ஒரு மூட்டும் விடவில்லை.
அலமாரிக்கு ஸ்க்ரூ போட்டேன். பசை வைக்கவில்லை.