உற்றவர் என்று எழுதினேன்

நிலையநாள் 96, காலை 07:10

மேல்நிலையம், என்சலடஸ். அறை அழுத்தம் சீர். ஆக்சிஜன் சீர். ஹீட்டர் இரண்டில் ஒன்றுதான் ஓடுகிறது. பதிவு செய்பவர்: செலஸ்டினா பர்னாந்து, மொழியியலாளர். இங்கே நான் ஒருத்திதான்.

இதை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது. அதனால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இது சனிக்கோளின் நிலா. எனக்குக் கீழே, பனிக்குள், தாபரம் என்ற குடியிருப்பு இருக்கிறது. நானூறு பேருக்கு மேல். தமிழ் பேசும் சுரங்கத் தொழிலாளர்களாக இவர்களுடைய முன்னோர் வந்தார்கள். கூட வந்த ஒரு துறவி கொடுத்த வேதத்தைப் பற்றிக்கொண்டு, சுரங்கம் மூடிய பிறகும் இங்கேயே இருந்துவிட்டார்கள். மூன்று தலைமுறையாக வெளிக்கிருமி படாத உடம்புகள். என் ஜலதோஷம் ஒன்று போதும், பாதிப் பேர் போய்விடுவார்கள். அதனால் நான் உள்ளே போக முடியாது. பேச்சு எல்லாம் ரேடியோவில்.

வேதம் ஒரே பிரதி. அந்தத் துறவியின் மலைமொழியில் இருக்கிறது. பூமியில் அதைப் பேசுகிறவர்கள் இன்று இல்லை. நான் ஒலிநாடாக்களிலிருந்து கற்றவள். தாபரத்தில் அது தெரிந்தவர் ஒருவர்தான், வாசகர் பொறையன். அவர் வாசிக்கிறார், நான் தமிழாக்கி அனுப்புகிறேன்.

பன்னிரண்டாம் அதிகாரம் முடிந்தது. சிக்கல் இல்லை.

நிலையநாள் 103, 18:30

இந்த வேலையைக் கேட்டு வாங்கியது அஞ்சுகம் என்ற பெண். தாபரத்தின் தண்ணீர் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவள். சபையில் எழுந்து நின்று கேட்டாளாம்: "எங்களுக்குப் புரியாத பாஷையில எங்களைக் கட்டிப் போட்டிருக்கீங்க. என்ன கட்டுன்னாவது தெரியணும்ல?" பொறையனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சபை ஒத்துக்கொண்டது.

இன்று எட்டாம் அதிகாரத்தின் தமிழைச் சபையில் வாசித்தார்கள். மூலத்தில் அது இடி மாதிரி ஒலிக்கும். சாவு வீட்டில் மட்டும் ஓதுவார்கள். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளுமாம். தமிழில் அது வேறொன்றுமில்லை: தண்ணீரைப் பங்கிடும்போது நோயாளிக்கு முதலில் கொடு, பிறகு கர்ப்பிணிக்கு, பிறகு மற்றவர்களுக்கு.

பொறையன் ரேடியோவில் சொன்னார்: "சில பேரு அழுதாங்க அம்மா. சில பேருக்குக் கோபம். ஒரு கிழவர் எழுந்து, 'இதுக்காடா நான் இத்தனை வருஷம் நடுங்கினேன்?'னு கேட்டுட்டு வெளியே போயிட்டாரு."

"உங்களுக்கு எப்படி இருந்தது?" என்றேன்.

"எனக்கு என் வீட்டுக்குள்ள யாரோ விளக்கைப் போட்ட மாதிரி இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இவ்வளவு சின்ன வீடான்னு ஆயிருச்சு."

நிலையநாள் 117, 09:00

நில அதிர்வு மானியில் தொடர் அதிர்வு. தென்துருவத்துப் பனிப் பிளவுகளை இங்கே புலிக்கோடுகள் என்பார்கள். அதில் ஒன்று கிளைவிட்டிருக்கிறது. திசை: தாபரம். பூமிக்குத் தகவல் அனுப்பினேன்.

நிலையநாள் 131, 14:20

பக்கத்து நிலா ஒன்றிலிருந்து மீட்புக் கப்பல் வந்து என் நிலையத்தை ஒட்டி இறங்கியது. கேப்டன் இலியாஸ் மரைக்காயர். தாபரத்தாருக்கென்று காற்று கலக்காத தனிப் பகுதி கப்பலில் இருக்கிறது. கீழிருந்து வரும் லிஃப்டை நேராக அதோடு இணைத்துவிட்டார்கள். எல்லாம் தயார்.

அவர்கள் வர மறுத்துவிட்டார்கள்.

காரணம் ஒரு வரி. பத்தொன்பதாம் அதிகாரம். இன்னும் நான் தமிழாக்காத பகுதி. மொழி தெரியாவிட்டாலும் அங்கே எல்லோருக்கும் அந்த வரி மனப்பாடம். பிறந்த குழந்தையின் காதில் முதலில் சொல்வது அதைத்தான். 'கெலூவை விட்டு நீங்காதே. நீங்குகிறவனை நான் அறியேன்.'

கெலூ என்றால் காலடி, நின்ற இடம், நிலம். தாபரத்தை விட்டுப் போகிறவனைக் கடவுள் கைகழுவிவிடுவார் என்பது அவர்களுடைய வாசகர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த விளக்கம்.

சபை முடிவு: தமிழில் என்ன வருகிறதென்று பார்த்துவிட்டு மறுபடி யோசிப்பது. அஞ்சுகம் எனக்குத் தனியாகச் சொன்னாள்: "அக்கா, வாசகர் சொல்றதைக் கேட்டு நாங்க இருக்கப் போறதில்ல. வேதம் சொல்றதைக் கேட்டு இருப்போம். நீங்க சீக்கிரம் எழுதுங்க."

நிலையநாள் 132, 10:05

கேப்டன் என்னிடம் பேசினார். அப்படியே தருகிறேன்.

"டாக்டர், அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தமே கிடையாதா?"

"ஓர் இடத்தில் இருக்கிறது. தாய் பிள்ளையைப் பார்த்து 'என் கெலூ நீ' என்கிறாள். அங்கே அதற்கு நீதான் எனக்குத் துணை என்று பொருள். மற்ற எல்லா இடத்திலும் நிலம்தான்."

"அந்த ஒரு இடம் போதும்ல?"

"போதாது. இந்த வரிக்கு முன்னும் பின்னும் பனி, பாறை, அஸ்திவாரம். நிலத்தைத்தான் சொல்கிறது. சந்தேகமே இல்லை."

கேப்டன் விடவில்லை. "எங்க வீட்லயும் வேதம் இருக்கு டாக்டர். அதுல ஒரு புள்ளியைத் தொட மாட்டோம். ஆனா இது நானூறு உசுரு. கையைக் காலைக் கட்டித் தூக்கிட்டு வர என்கிட்ட ஆளும் இல்ல. நானா இருந்தா தொடுவேன். கியாமத்து நாள்ல ஆண்டவன் முன்னாடி அதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

பதில் அவர் சொல்லலாம். எழுத வேண்டியவள் நான்.

பிளவு நேற்றைவிட வேகம்.

நிலையநாள் 132, 16:40

எழுதிவிட்டேன்.

'உற்றவரை விட்டு நீங்காதே. நீங்குகிறவனை நான் அறியேன்.'

நல்ல தமிழ். வாயில் உட்காருகிறது. பொய் இவ்வளவு நன்றாக அமையும் என்று நான் நினைக்கவில்லை.

நிலையநாள் 132, 17:15

பொறையனுக்கு இது தெரியாமல் போகாது என்று எனக்குத் தெரியும். அவருக்கு மூலம் தெரியும். அவர் மறுத்துவிடுவார், பழி என்னை விட்டுப் போய்விடும் என்றுகூட உள்ளுக்குள் எதிர்பார்த்தேனோ என்னவோ.

அவர் அழைத்தார்.

"அம்மா. உற்றவர்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம் வாசகரே. 'என் கெலூ நீ' என்று மூன்றாம் அதிகாரத்தில் வருகிறதே."

"அது ஒரு தாய் பிள்ளைகிட்டச் சொல்றது. இது அவர் எங்ககிட்டச் சொல்றது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும் என்றேன்.

"பிளவு இங்க வந்து சேருமா? சத்தியமாச் சொல்லுங்க."

"வரும். நாளைக்கோ மறுநாளோ."

 ரேடியோத் தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.

"நான் இதை அப்படியே வாசிச்சுர்றேன்" என்றார். "இந்த மொழி எனக்குப் பிறகு இங்க யாருக்கும் தெரியாது. நானே கத்துக்குடுக்காம விட்டது. இப்ப அது நல்லதாப் போச்சு."

நிலையநாள் 132, 20:30

வாசித்துவிட்டார். சபையின் ஒலியை ரேடியோவில் கேட்டேன். அந்த வரி முடிந்தது. பிறகு ஒரு பெண்ணின் குரல் மெல்ல அதைத் திருப்பிச் சொன்னது. பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும்.

அஞ்சுகம்: "அக்கா, நாங்க வர்றோம். இத்தனை வருஷமா சாமி எங்களைப் பனியைக் கட்டிக்கிட்டு அழச் சொன்னாருன்னு நெனச்சோமே. ஒருத்தரை ஒருத்தர் விடாதேன்னுதான் சொல்லியிருக்காரு. எங்க போனாலும் எல்லாரும் சேந்து போனாச் சரிதானே?"

சரிதான் என்றேன்.

தூங்கப் போகுமுன் சின்ன வயதில் தூத்துக்குடியில் கற்ற செபத்தைத் தொடங்கினேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். இந்தச் சொல்லையும் யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு மேசையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருப்பார். அவருக்கு அன்று என்ன அவசரமோ.

நிலையநாள் 133, 11:00

லிஃப்ட் இடைவிடாமல் ஓடுகிறது. பாதிக்கு மேல் கப்பலில் ஏறிவிட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த ஒரே ஹீட்டரையும் நான் கழற்றிக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டேன். அறை குளிர்கிறது. கேப்டன், "டாக்டர், மதியம் நீங்களும் ஏறிடுங்க" என்றார்.

நிலையநாள் 133, 13:25

லிஃப்ட் நின்றுவிட்டது. பழுது இல்லை. கீழே நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

அஞ்சுகம்: "வாசகர் வரலைக்கா. சபைக்கூடத்துக்குள்ள உக்காந்து கதவைப் பூட்டிக்கிட்டாரு. வேதமும் அவர்கிட்ட இருக்கு. கூப்பிட்டா 'நீங்க போங்க'ங்கறாரு."

எனக்குப் புரிந்தது. நானூறு பேரை என் தமிழோடு அனுப்பிவிட்டு, மூலத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு கட்டளையைக் காப்பாற்ற உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மட்டும் கெலூ இன்னும் நிலம்தான்.

"நீங்கள் புறப்படுங்கள் அஞ்சுகம். நான் அவரிடம் பேசுகிறேன்" என்றேன்.

"அவரை விட்டுட்டா?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "உற்றவரை விட்டு நீங்காதேன்னு நீங்கதானே அக்கா எழுதுனீங்க?"

13:50

கப்பலில் ஏறியவர்கள் இறங்குகிறார்கள். செய்தி பரவிவிட்டது. மேலிருந்து முதல் லிஃப்ட் ஆள் நிறைந்து கீழே போகிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் அழவில்லை, சண்டை போடவில்லை. அந்த வரியைச் சொல்லிக்கொண்டே போகிறார்கள்.

கேப்டன் கத்தினார்: "டாக்டர், அது தப்பான மொழிபெயர்ப்புன்னு சொல்லித் தொலைங்க! இப்பவே சொல்லுங்க!"

சொன்னால் என்ன ஆகும்? வேதம் உண்மையில் நிலத்தைத்தான் சொல்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்போது ஒருவர்கூட ஏற மாட்டார்கள். சொல்லாவிட்டால் அந்த ஒருவருக்காக எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். உண்மையும் கொல்கிறது, பொய்யும் கொல்கிறது. நடுவே நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.   

14:35

பிளவு தாபரத்தின் மேற்குக் கிடங்கைத் தொட்டுவிட்டது. அங்கே அழுத்தம் போய்விட்டது. கிடங்கில் ஆள் இல்லை.

சபைக்கூட ரேடியோவுக்கு அழைத்தபடியே இருந்தேன். கடைசியில் எடுத்தார்.

"வாசகரே, கதவைத் திறங்கள்."

"அம்மா, நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சீங்க. நான் வாசிக்க வேண்டியதை வாசிச்சேன். இனி எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கு. அதுல வராதீங்க."

"கதவுக்கு வெளியே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்."

"போயிருவாங்க."

"போக மாட்டார்கள். நம்புகிறார்கள்."



"யாரு யாரு?"

இன்னொரு ரேடியோவில் அஞ்சுகம் சொல்லச் சொல்ல நான் அவருக்குச் சொன்னேன். அஞ்சுகமும் அவள் இரண்டு பிள்ளைகளும். தண்ணீர் வேதத்தைக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு வெளியே போன கிழவர். போன மாதம் பிரசவித்த ஒருத்தி, குழந்தையோடு. அத்தோடு, "போதும்" என்றார்.

பிறகு அவர் பேசியதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

"இந்தக் கதவைத் திறந்து வெளியே வந்தா அவர் என்னை அறிய மாட்டாரு. அவங்களுக்குப் பாதகமில்ல, அவங்க தெரியாமப் போறாங்க. தெரிஞ்சு போறவன் நான் ஒருத்தன்தான். அது உங்களுக்குப் புரியுதா?"

"புரிகிறது."

"புரியாது அம்மா. உங்களுக்கு அது ஒரு சொல்லு."

ஏதோ கனமான பொருளைக் கீழே வைக்கும் ஓசை. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

15:10

லிஃப்ட் ஏறுகிறது. கடைசி லிஃப்டில் அவரும். நான் கருவிகளை விட்டுவிட்டு ஓடுகிறேன்

கப்பல் பதிவு, நிலையநாள் 134, 08:00

தாபரம் இல்லை. நாங்கள் மேலெழுந்து அரைமணிக்குள் பிளவு அதை விழுங்கியது. அந்த இடத்திலிருந்து ஆவித்தூண் ஒன்று எழுந்து வெகுநேரம் நின்றது. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.

வேதப் பிரதி வரவில்லை. சபைக்கூடத்திலேயே விட்டுவிட்டார். அவர் வாசித்ததை நான் எடுத்துவைத்த ஒலிப்பதிவுகள் மேல்நிலையத்தோடு போயின. இனி எழுத்தில் இருப்பது என் தமிழ் மட்டும். நேற்று வரை நான் மொழிபெயர்ப்பாளர். இன்று நான் எழுதியதே மூலம்.

கப்பல் பதிவு, நிலையநாள் 141, 12:00

தாபரத்தார் பகுதியில் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் அந்த வரியைச் சொல்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறேன். வாசகரே கதவைத் திறந்து வந்ததுதான் அந்த வரிக்குச் சாட்சியாம். அஞ்சுகம் பிள்ளைகளுக்கு அப்படித்தான் கதை சொல்கிறாள்: உற்றவரை விடக் கூடாது என்று வேதம் சொன்னது, வாசகர் கேட்டு வந்தார். அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை எதிர்பார்க்கவில்லை. முன்பு எதையும் நம்பாமல் கேள்வி கேட்டவள்.

பொறையன் அந்தக் கூட்டத்தில் சேருவதில்லை. ஓதச் சொன்னால், தொண்டை சரியில்லை என்கிறார். அவர்கள் வெந்நீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாங்கிக் குடிக்கிறார்.

கேப்டன் என்னிடம், "நல்லதுதான் செஞ்சோம் டாக்டர், இல்லையா?" என்றார். இதே கேள்வியை நாலாவது தடவையாகக் கேட்கிறார்.

கப்பல் பதிவு, நிலையநாள் 150

தடுப்பின் இன்டர்காமில் என்னை அழைத்தார். பொறையன். கப்பலுக்கு வந்த பிறகு அவராக அழைப்பது இதுதான் முதல் தடவை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருக்கிறார்.

"அம்மா, வாயில மூலம் வர்றதில்ல. தொடங்குனா நாக்கு நின்னுடுது. நான் சொன்னா அவர் கேக்க மாட்டாருல்ல. யார்னு தெரியாதவன் கூப்பிட்டா நம்ம திரும்பிப் பாப்போமா?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"தமிழ்ல அந்த வரியைச் சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியுமே வாசகரே. நீங்கள்தானே வாசித்தீர்கள்."

"அன்னைக்கு அவங்களுக்காக வாசிச்சேன். எனக்காக நீங்க சொல்லுங்க. அதுல நான் எந்தத் தப்பும் பண்ணலல்ல? அதுல இருக்கறவரு என்னை அறிவாருல்ல?"

அதில் இருப்பவர் யார்? நான் உட்கார்ந்து எழுதியபோது அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

சொன்னேன். உற்றவரை விட்டு நீங்காதே.

அவர் உதடு அசைந்தது. "இன்னொரு தரம்" என்றார்.

சொன்னேன்.

"இன்னொரு தரம்."