பூண்டு போடாத கறி

அன்பு மகன் எலிகியோவுக்கு உன் அம்மா ஒத்தீலியா கன்னத்துக்கு ஆயிரம் முத்தத்தோட எழுதிக்கிறது. இங்க எல்லாரும் சுகம், ஒருத்தரும் சாகலை. என்னடா இது அம்மா இப்படி ஆரம்பிக்கிறாளேன்னு பயந்துடாதே, முழுக்கப் படி, சிலியில உன் சுரங்கத்துக் கேம்ப்ல எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி நீ சிரிக்கப்போறே. நான் எழுதும்போதே சிரிப்பு தாங்காம ரெண்டு தடவை பேனாவைக் கீழ வச்சுட்டேன். உன் இருமல் நின்னுச்சா, கம்பளிச் சட்டை போடுறியா, அதை முதல்ல எழுது.

உன் தங்கச்சி பிரீகிதா கல்யாணம் முடிஞ்சுது. நல்லபடியா முடிஞ்சுதான்னு கேட்டா, முடிஞ்சுது. சம்பந்தி வீடு லா கலேரா ஊர்னு உனக்குத் தெரியும், பரம்பரையா சுண்ணாம்புச் சூளை போடுறவங்க, மாப்பிள்ளை ஃபெர்மீன் தங்கக் கட்டி, ஆனா அவங்கம்மா தோன்யா காஸ்துலா இருக்காங்களே, அந்த வாய்க்குப் பூட்டு இன்னும் யாரும் செய்யலை. நிச்சயத்தன்னிக்கு நம்ம வீட்டுல உக்காந்து சாக்லேட் குடிச்சுக்கிட்டே உங்கப்பாவைப் பார்த்துக் கேட்டாங்க, சுரங்கக்காரங்களுக்குக் கறி சுடுற பள்ளத்துக்குக் கல்லு பொறுக்கத் தெரியுமா, இல்ல சுண்ணாம்புக்கல்லைப் போட்டு நெருப்பு மூட்டி கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கு வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைப் பரிமாறுவீங்களான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. உங்கப்பா மட்டும் சிரிக்கலை, மீசை மட்டும் துடிச்சுது. காலமெல்லாம் மலைக்குள்ள கிடந்த மனுஷனைப் பார்த்துக் கல்லு தெரியுமான்னு கேட்டா சும்மா இருப்பாரா?

அந்த ரோஷத்துல ஒரு பொட்டுச் சுண்ணாம்புக்கல்கூட என் பள்ளத்துல விழாதுன்னு சபதம் போட்டுட்டுக் கழுதையை ஓட்டிக்கிட்டு மூடிக்கிடக்கிற சான் கெலாசியோ சுரங்கத்துக்குப் போனார். அங்க வெளியில கொட்டி வச்சிருக்கிற பழைய கல்லுக் குவியல்லேர்ந்து கார்னெட் கல்லாப் பார்த்துப் பொறுக்கியிருக்கார். காலேஜ்ல படிக்கும்போது ஸ்கார்ன்னு பேர் சொல்லி எழுதினியே அதே கல்லுதான், கொதிக்கிற கிரானைட் குழம்பு கீழேர்ந்து ஏறி வந்து சுண்ணாம்புப் பாறையைத் தொட்டதும் ரெண்டும் குணம் மாறி நடுவுல ஒரு புதுக் கல்லு பிறக்கும், செம்பு இரும்பு எல்லாம் அதுக்குள்ளதான் வந்து உக்காரும்னு. கனமான கல்லு, சூடு தாங்கும், வெடிக்காது. அவர் போட்ட கணக்கு சரிதான்டா. ஆனா பழைய உலையில வேலை பார்த்ததுலேர்ந்து உங்கப்பா மூக்குக்கு மண்ணெண்ணெய்க்கும் மெஸ்கால் சாராயத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால எந்தக் கல்லையும் உடைச்சதும் பக்கத்துல நிக்கிறவன்கிட்ட நீட்டி மோந்து சொல்லச் சொல்லுவார், இங்க இருக்கிற எல்லாச் சுரங்கக்காரனுக்கும் அது பழக்கம். அன்னிக்குப் பார்த்து யாருக்கும் தெரியக்கூடாதுன்னு தனியாப் போயிட்டார். கல்லு மேலெல்லாம் துரு மூடியிருக்கு, உள்ள என்ன இருக்குன்னு பார்க்கலை, மோக்கவும் ஆளில்லை.

கல்யாண ஆட்டுக்கு மசாலா தடவுறது மாப்பிள்ளையோட அம்மா, பள்ளம் வெட்டிக் கல்லு அடுக்குறது பொண்ணோட அப்பா, இது அவங்க பக்கத்து வழக்கம். தோன்யா காஸ்துலா காஞ்ச மிளகாயை அரைச்சுத் தடவி, ஆனைக்கற்றாழை மடல்ல பொதிஞ்சு, கல்லு பழுக்கக் காஞ்சதும் குழந்தையைத் தொட்டில்ல போடுற மாதிரி பள்ளத்துல இறக்கி, மேலயும் கல்லு வச்சு மூடினாங்க. பூண்டு மட்டும் போட மாட்டாங்க. கெட்டுப்போன கறியை மறைக்கிறவங்கதான் பூண்டு போடுவாங்கன்னு அவங்க வேதம்.

கோயில்ல பூசை முடிஞ்சு வந்து பள்ளத்தைத் திறந்தோம் பாரு, ஐயோ அந்த வாசனை, தெருவே பூண்டு மணக்குது. சூளைக்காரங்க தட்டை நீட்டுறாங்க, நம்ம சுரங்க ஆளுங்களும் நாக்கைச் சப்புக்கொட்டிக்கிட்டு நிக்கிறாங்க. தோன்யா காஸ்துலா முகம் மட்டும் கறுத்துப்போச்சு. என் ஆட்டுல பூண்டு போட்டது யாருன்னு என்னைப் பார்த்துக் கேட்டாங்க. மாதா சத்தியமா நான் இல்லைன்னேன். அப்போ ஆடு உசிரோட இருக்கும்போதே பூண்டு தின்னுட்டு வந்துச்சான்னாங்க. உங்க மடலைப் பிரிச்சு மோந்து பார்க்குறதுதான் எனக்கு வேலையான்னு நானும் கொடுத்தேன். கல்யாண வீட்டுல ரெண்டு கிழவிங்க பூண்டுக்காக மல்லுக்கு நிக்கிறோம், அக்கார்டியன் வாசிக்கிறவன் என்ன வாசிக்கிறதுன்னு தெரியாம நிறுத்திட்டான். சண்டையை முடிக்கணும்னு பிரீகிதா ஒரு துண்டு கறியைப் பிச்சு ஃபெர்மீன் வாய்க்குக் கொண்டுபோனா. பொண்ணு ஊட்டி மாப்பிள்ளை முதல் வாய் தின்னாத்தான் மத்தவங்க தொடலாம், அதுவும் அவங்க வழக்கம்தான், அந்த வழக்கத்தைக் கையெடுத்துக் கும்பிடணும்.

நான் அந்த நேரத்துல பூண்டைத் தேடிக்கிட்டிருந்தேன். எலும்பு வரைக்கும் கிளறிட்டேன், ஒரு தோல்கூட இல்லை. மேல் கல்லு ஓரத்துல மட்டும் மாவு தூவின மாதிரி வெள்ளையா ஏதோ படிஞ்சிருந்துச்சு. பூண்டே இல்லாம பூண்டு வாசனை, கல்லுல வெள்ளை. எலிகியோ, பாஷாணக் கல்லுடா! சூடு பட்டா பூண்டு மணக்குமே அதே கல்லு. எப்படிப் பாஞ்சேனோ தெரியாது, பிரீகிதா கையில ஓங்கி ஒரு அடி, கறி பறந்துபோய் அக்கார்டியன் மேல விழுந்துச்சு.

முதல் வாயைத் தட்டிவிடுறதுன்னா அவங்களுக்குத் கல்யாணத்தையே அறுத்துவிடுற மாதிரி. தோன்யா காஸ்துலா கத்தலை, கத்தியிருந்தாத் தேவலை. மெதுவா, "ஃபெர்மீன், தொப்பியை எடுத்துக்கோ, நாம வீட்டுக்குப் போறோம்"னாங்க. சூளைக்காரங்க எல்லாரும் எழுந்துட்டாங்க. பிரீகிதா நான் அடிச்ச கையை இன்னொரு கையால பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, அழவும் இல்லை. ஃபெர்மீன் தொப்பியை வச்சுக்கிட்டு அம்மாவையும் பார்க்குறான், இவளையும் பார்க்குறான். அவன் அம்மா பக்கம் ஒரு அடி எடுத்து வச்சிருந்தா என் பொண்ணு வாழ்க்கை அங்கயே போச்சு.

பள்ளத்துல போடாம மிச்சம் கிடந்த கல்லு ஒண்ணை இழுத்துப் போட்டு உங்கப்பா சுத்தியலால ஒரே போடு போட்டேன். பொறி பறந்துச்சு, உள்ள வெள்ளியாட்டம் மின்னுச்சு, சூடே காட்டாத கல்லு அடிச்ச அடியிலேயே குப்புன்னு பூண்டு மணந்துச்சு. அதை அப்படியே கொண்டுபோய் சம்பந்தியம்மா மூக்குக்கு நேரா நீட்டினேன். நம்ம ஆளுங்க அத்தனை பேரும் தட்டைக் கீழ போட்டுட்டாங்க. சுரங்கத்துக்குள்ள அந்த வாசனை வந்தா எல்லாரும் உஷாராயிருப்பாங்க, கறியிலேர்ந்து வந்ததும் எச்சில் ஊறியிருக்கு, என்னையும் சேர்த்துத்தான்.

அவங்க ஒரு தடவை மோந்தாங்க, மறுபடி மோந்தாங்க. உங்கப்பா தரையில உக்காந்து தொப்பியால முகத்தை மூடிக்கிட்டார். எதுக்குய்யா இந்தக் கல்லுன்னு கேட்டாங்க. தொப்பிக்குள்ளேர்ந்தே சொன்னார், நீங்க சுண்ணாம்புக்கல்லுன்னு கேலி பண்ணினீங்களேம்மான்னு. நான் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். திடீர்னு பெஞ்சுல தொப்புன்னு உக்காந்து சிரிக்க ஆரம்பிச்சாங்க பாரு, கொண்டைச் சீப்பு கழண்டு விழுந்துச்சு, கண்ணுல தண்ணி, பூண்டு, பூண்டுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க, எனக்கும் தொத்திக்கிச்சு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறதா அழறதான்னு தெரியாம கிடந்தோம். நாய்ங்க வாய் வைக்காம இருக்க ஆளுங்க முகத்துல துணி கட்டிக்கிட்டு ஆட்டையும் கல்லையும் சுரங்கத்துப் பழைய குழியில போட்டு மூடினாங்க. நர்ஸம்மா வந்து பள்ளத்துக்கிட்ட நின்னவங்களை எல்லாம் பார்த்தாங்க, ரெண்டு பேருக்குத் தலைவலி, வேற ஒண்ணுமில்லை.

அப்புறம் அடுத்த வீடு எதிர் வீடு எல்லாத்துலயும் இருந்த அவிச்ச பயறும் தோர்த்தியா ரொட்டியும் வந்துச்சு. பிரீகிதா ஒண்ணைச் சுருட்டி ஃபெர்மீனுக்கு ஊட்டப்போனா. தோன்யா காஸ்துலா அவ கையைத் தடுத்தாங்க, மறுபடியும் கிளம்பிடுவாங்களோன்னு பார்த்தேன். அவ கையிலேர்ந்து தோர்த்தியாவை வாங்கி என் கையில வச்சாங்க. "கறியைத் தட்டிவிட்டு என் மகன் உசிரைக் காப்பாத்தின கை இதுதான். முதல் வாயை இந்தக் கையே ஊட்டட்டும்"னாங்க. நான் ஊட்டினேன்டா. பாதி பயறு அவன் புதுச் சட்டையில. அவன் அதையும் வழிச்சுத் தின்னுட்டு, இதுல கொஞ்சம் பூண்டு போட்டிருக்கலாம் அத்தைன்னான்.

சரி கண்ணு, உன்னைப் பெத்த வயிறு உன்னை வாழ்த்துது, குவாதலூப்பே மாதா உன் தலைக்கு மேல இருக்கிற பாறையைத் தாங்கிப் பிடிக்கட்டும், சீக்கிரம் உனக்கும் ஒருத்தி அமையட்டும். உங்கப்பா, பாஷாணக் கல்லு இருக்கிற இடத்துல சில சமயம் தங்கமும் இருக்குமாமேன்னு உன்கிட்டக் கேக்கச் சொல்றார், மாப்பிள்ளையை மோந்து பார்க்கிற ஆளா வச்சுக்கிட்டுத் தினம் மலைக்குக் கிளம்பிடுறார், பதில் எழுது, இல்லைன்னா என்னைத்தான் அரிப்பார். கேம்ப்ல கறி பூண்டு மணந்தா உள்ள பூண்டு இருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு வாயில வை.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கிட்டிருக்கிற,
உன் அம்மா
ஒத்தீலியா