ரேடியோ பேசாத நேரம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பாட்டு பாதியில் அறுந்தது. என் வீட்டுக்காரர் கோபுரம் ஏறிவிட்டார் என்று அர்த்தம்.

இந்த ஒலிபரப்பு நிலையக் குடியிருப்புக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்த நொடி மட்டும் எனக்குப் பழகவே இல்லை. உச்சியில் உள்ள ஆண்டெனாவைத் தொட்டு வேலை செய்ய ஆள் ஏறினால் கீழே ஒலிபரப்பு மிஷினை நிறுத்தியாக வேண்டும். ஓடிக்கொண்டிருந்தால் தொட்ட கை வெந்துபோகும். நிறுத்திய மிஷினின் சாவியை ஏறுகிறவர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார். இறங்கி வந்து அவர் சாவியைக் கொடுத்தால்தான் மறுபடி பாட்டு. அதனால் சமையலறை ரேடியோதான் எனக்கு ஜோசியம். ஊமையாக இருந்தால் மனுஷன் மேலே. பேசினால் கீழே. பேசத் தொடங்கியதும் டீக்குத் தண்ணீர் வைப்பேன். அது கொதிக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்.

ஊர்க்காரர்களுக்கு "சே, பாட்டு போச்சே" என்ற சலிப்பு. நான் அடுப்படியை விட்டு நகர மாட்டேன்.

இன்றும் வந்ததும் வராததுமாகக் கேலி. "இன்னிக்கு என்னை எத்தனை தடவ சாகடிச்ச?"

"நாலு தடவ. போங்க, கையைக் கழுவுங்க" என்றேன். பொய். கணக்கே இல்லை.

மார்ச் 5, புதன்

கனவில் விழுந்தார். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்ததில் விழித்துக்கொண்டு திட்டினார்.

மார்ச் 19, புதன்

தலைமை அலுவலகம் இன்னொரு மிஷின் அனுப்பியிருக்கிறது. பளபளவென்று இருக்கிறதாம், பின்பக்க அறையில் வைத்திருக்கிறார்களாம். இவருக்கு வாய் கொள்ளாத பெருமை. "பழசு படுத்துச்சுன்னா இது எழுந்து நிக்கும். ஊர்க்காரங்களுக்குப் பாட்டே நிக்காது."

"இதுக்கு வேற ஆண்டெனாவா?"

"ரெண்டுக்கும் அதே ஆண்டெனாதான்."

"அப்போ இதோட சாவியும் உங்க பையிலதானே?"

சிரித்தார். "இதுக்குச் சாவியே கிடையாதுடி. தலைமை ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே ஒருத்தன் பட்டனத் தட்டுவான்."

முகம் தெரியாத எவனோ ஒருவன். அவன் விரல். இவர் கை. நடுவில் என்ன இருக்கிறது?

ஏப்ரல் 2, புதன்

கடைக்குப் போகும் வழியில் டியூட்டி என்ஜினீயரைப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டேன்.

"அணில் ஏறுறதுக்கு முன்னாடி தலைமை ஆபீஸுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிருவேன்மா. அவங்க அதைத் தொட மாட்டாங்க" என்றார். நிலையத்தில் இவருக்கு அணில் என்றுதான் பெயர்.

நல்ல மனிதர். பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் "தொட மாட்டாங்க" என்பது சாவி ஆகுமா?

அக்காவிடம் போனில் புலம்பினேன். "அவரு விழுந்து சாக மாட்டாரு. நீதான் பயந்து பயந்தே போய்ச் சேரப் போற" என்றாள். கூடப் பிறந்தவள் பேசுகிற பேச்சா இது.

ஏப்ரல் 9, புதன்

நேற்றைய சூறைக்காற்றில் ஆண்டெனாவில் ஏதோ கழன்றிருக்கிறது. ரேடியோ கரகரக்கிறது. நாளை ஏறுகிறார். போகாதீங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏறும்போது அவர் போடும் ஆரஞ்சுச் சட்டையை எடுத்து மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

பயந்தது நடந்துவிட்டது. உயிர் இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு கையிலும் கட்டு. தூங்குகிறார்.

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அன்று பாட்டு நின்றது. காத்திருந்தேன். வீட்டைப் பெருக்கினேன், பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினேன். அப்புறம் பாட்டு வந்தது. அப்பாடா என்று ஆனது பாருங்கள் — அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. டீக்குத் தண்ணீர் வைத்தேன். எனக்குத் தெரிந்த பாட்டுதான். கூடவே பாடினேன். ஆமாம், பாடினேன். அவர் மேலே வெந்துகொண்டிருந்தபோது நான் பாடிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் கொதித்துவிட்டது. செருப்புச் சத்தம் வரவில்லை. சரி, யாரோடாவது வம்பளந்துகொண்டு நிற்பார் என்று கொடியில் காயும் துணியை எடுக்கப் பின்பக்கம் போனேன். அங்கிருந்து கோபுரம் முழுசாகத் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன்.

ஆரஞ்சுச் சட்டை உச்சியில் இருந்தது.

உள்ளே பாட்டு கேட்கிறது. வெளியே சட்டை மேலே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருக்கவே கூடாதே! எப்படிப் போனை எடுத்தேனோ. முதல் முறை அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறை என்ஜினீயர் எடுத்தார்.

"சார், பாட்டு வருது! அவரு மேலயே இருக்காரு!"

"பதறாதீங்கம்மா. சாவி அணில்கிட்டதானே இருக்கு? மிஷின் என் கண்ணு முன்னாடி அணைஞ்சு கிடக்கு. இங்க ஸ்பீக்கர்லகூடப் பாட்டு வந்துட்டேதான் இருக்கு, அது ஸ்டூடியோவுலேர்ந்து நேரா வர்ற லைன்."

"எங்க வீட்டு ரேடியோவுக்கு ஏது சார் லைன்? அது காத்துலேர்ந்துதானே எடுக்குது? அந்தப் புது மிஷினைப் போய்ப் பாருங்க சார்! ஓடுங்க!"

போன் கீழே விழுந்த சத்தம். நாற்காலி உருண்ட சத்தம். நான் ரேடியோவையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாடுகிறது, பாடுகிறது. செத்துத் தொலையேன் சனியனே, வாயை மூடேன் என்று அடுப்படியில் நின்று கத்தினேன். சட்டென்று மூடியது.

என் வாழ்க்கையில் அந்த அமைதியைப் போல நான் எதையும் கும்பிட்டதில்லை.

ஆண்டெனாவைப் பிடித்திருந்த கை வெந்துபோயிருந்தது. இழுத்துக்கொள்ளப் போய் மற்றக் கையும் பட்டிருக்கிறது. இடுப்புப் பட்டை மாட்டியிருந்ததால் தொங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். தீயணைப்புக்காரர்கள் ஏறி இறக்கினார்கள். நான் கோபுரத்தடியில் நின்றேன். கீழே வந்ததும் அவர் கேட்டது: "டீ போட்டியா?"

அடப்பாவி மனுஷா.

ஏப்ரல் 24, வியாழன்

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். என்ஜினீயர் முறைப்படி போன் செய்திருக்கிறார். கேட்டுக்கொண்ட ஆள் ஷிஃப்ட் முடிந்து எழுந்து போய்விட்டார். அடுத்து உட்கார்ந்தவரிடம் சொல்லவில்லை. அவர் பார்த்திருக்கிறார் — அடடே, அந்த நிலையம் ஊமையாகக் கிடக்கிறதே, கெட்டுவிட்டது போல. உதவி செய்வதாக நினைத்துப் பட்டனைத் தட்டியிருக்கிறார்.

கெட்ட எண்ணமே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

கட்டுப் பிரித்தார்கள். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. இனி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுப்பாட்டு அறையில் உட்காரும் வேலை தருகிறார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நாற்காலியில உக்கார்ற அணில எங்கயாச்சும் பாத்திருக்கியா?" என்றார். தோள் குலுங்கியது. தடவிக் கொடுத்தேன்.

இங்கே மட்டும் எழுதுகிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவி நான். அவர் அழ அழ எனக்குள் ஒரு பாரம் இறங்கியது. இனி ஏற மாட்டார். இனி ஏறவே மாட்டார்.

ஜூலை 17, வியாழன்

புது மிஷினுக்கும் பூட்டு போட்டாயிற்று. சாவி ஏறுகிறவர் பையில். இவர் பிடித்த பிடிவாதம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு ஜோடி வந்திருக்கிறது. கோபுரம் ஏற வந்தவன் அவன். அவளுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். இன்று அவன் இங்கே முதன்முதலாக ஏறினான்.

காலையிலேயே என் அடுப்படிக்கு வந்துவிட்டாள். முந்தானையை முறுக்கிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்னை நானே பார்ப்பது போல இருந்தது. பயம் விட்டுப்போனது என்று நினைத்திருந்தேனே — எங்கே போனது? வீடு மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பாட்டு அறுந்தது. போன் அடித்தது. இவர்தான், கட்டுப்பாட்டு அறையிலிருந்து.

"நம்ம ரேடியோ என்ன சொல்லுது?"

"மூச்சே விடல."

"நல்லாக் கேட்டியா?"

"காதை ஒட்ட வெச்சுக் கேட்டுட்டேன்."

"சரி, ஏறச் சொல்றேன்."

எந்தச் சட்டத்திலும் இது இல்லை. அவரே வைத்துக்கொண்ட வழக்கம். என்ஜினீயர்கூட ஒன்றும் சொல்வதில்லையாம்.

"எப்பக்கா பாட்டு வரும்?" என்றாள்.

"அவசரப்படாத. இப்போ வராம இருக்கிறதுதான் நல்லது."

அவளுக்குப் புரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும். இரண்டு பேரும் அந்த ஊமைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதியத்துக்கு மேல் பாட்டு வந்தது. துள்ளி எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். "இரு இரு, வெளிய வா மொதல்ல" என்று இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். கண்ணைச் சுருக்கி உச்சியிலிருந்து அடி வரைக்கும் பார்த்தோம். ஆரஞ்சு எங்கேயும் இல்லை.

"இல்லக்கா. இறங்கிட்டாரு."

"இன்னொரு தடவ பாரு" என்றேன்.

பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்புறம்தான் டீக்குத் தண்ணீர் வைத்தோம்.