கூர்ப்புப் பாடமும் லெப்பையின் பேனாவும்

கிண்ணியா
20.02.1980

அன்பு மகள் கனகமணி ரீச்சருக்கு,

நீங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரன், நஜ்முன் நிஸாவின் வாப்பா அபூதாஹிர் மரைக்கார் சொல்லிச் சொல்லி எழுதுவிப்பது. உங்களுக்கும் உங்கள் தாயாருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று துஆச் செய்கிறேன்.

சூடடிப்பு முடிந்து வயலிலிருந்து நேற்றுத்தான் வந்தேன். உங்கள் அறை திறந்து கிடக்கிறது, கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருக்கிறது. நிஸாவைக் கேட்டால், “ரீச்சர் லீவு போட்டுட்டுப் போயிட்டா வாப்பா” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். பேத்தி அசனாவைக் கேட்டால் அழுகிறாள். பிறகு தேத்தண்ணிக் கடையில்தான் எல்லாவற்றையும் கேட்டேன். அங்கே ஒருவர் சொல்கிறார், “நம்மட புள்ளையளக் குரங்குட பேத்தியள் எண்டு சொன்னாவாம்.” பக்கத்தில் இருந்தவர், “பேத்தி எண்டில்ல, வால் விழுந்த இடத்தத் தடவிப் பாருங்க எண்டாவாம்” என்கிறார். மூன்றாவது ஆள் வர முன் எழும்பி வந்துவிட்டேன். அவர் என் முதுகிலும் வாலைத் தேடியிருப்பார்.

விசயம் இப்போது இப்படி நிற்கிறது. உங்களை மாற்றச் சொல்லிக் கல்விக் கந்தோருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். எங்கள் பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்கார் பொறுப்பு. எல்லாக் குடி மரைக்காரும் கை வைத்தால்தான் மனு ஊரின் மனு. மற்றவர்கள் வைத்துவிட்டார்கள். எனக்குக் கையெழுத்து இல்லை, பெருவிரல்தான். அதை இன்னும் மையில் வைக்கவில்லை. ஒரு ஆளை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஆகவே கேட்கிறேன், வகுப்பில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? என் யோசனை ஒன்றும் உண்டு. “இது நான் சொல்வதல்ல, புத்தகம் சொல்வது, சோதனைக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள்” என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் அடங்கிவிடும். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். சோதனை கிட்ட வருகிறது. நீங்கள் இல்லாவிட்டால் அந்த வகுப்பை மூடிவிடுவார்கள். அசனா டாக்குத்தருக்குப் படிக்க நினைத்தவள்.

இதை எழுதுவது நம் பள்ளிவாசலில் தொழுவிக்கிற ஸெய்னுதீன் லெப்பை. ஓம், உங்களுக்கு எதிராக ஜும்ஆவில் பேசின அதே லெப்பைதான். அவர் கையால் எழுதினால் நான் ஒளித்து எழுதினேன் என்று ஒருவரும் சொல்ல ஏலாது.

இப்படிக்கு,
அபூதாஹிர் மரைக்கார்

(எழுதியவன் குறிப்பு: சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன். நான் பேசியதில் எனக்கு மாற்றமில்லை. ஸெ. லெப்பை.)


இலங்கைத்துறை
27.02.1980

அன்புள்ள மரைக்கார் வாப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆனால் என்னால் வாசிக்க முடியவில்லை. லெப்பை பழக்கத்தில் முழுவதையும் அறபு எழுத்தில் எழுதுகிற அறபுத் தமிழில் எழுதிவிட்டார். வலமிருந்து இடமாக ஓடுகிற அந்த எழுத்தைப் பார்த்து, ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கருவாடு வாங்க மூதூரிலிருந்து வருகிற சரீப் காக்காவிடம் கொடுத்தேன். நல்ல மனிசன், ஆனால் மெல்லப் பேசத் தெரியாதவர். வாடியடியில் நின்று, மீன் காயவைக்கிற சனமெல்லாம் கேட்கத் தக்கதாக, மனுவிலிருந்து வால் வரைக்கும் வாசித்து முடித்தார். அது வரைக்கும் நான் அம்மாவிடம், தலையிடி, லீவில் வந்தனான் என்றுதான் சொல்லியிருந்தேன்.

அம்மா இப்போது, “இந்தக் கரையில படிச்சு வந்தது ஒரு பொம்பிளைப் பிள்ளை. அதை இன்னொரு ஊரில போய் ஏச்சு வாங்க விடுவனோ? வெருகல் பக்கம் மாற்றம் கேள்” என்று நிற்கிறா. விண்ணப்பம் எழுதி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.

நீங்கள் விசாரித்ததற்குப் பதில். குரங்கின் பேத்திகள் என்று நான் சொல்லவில்லை. மனிதனுக்கும் குரங்குக்கும் வெகு காலத்துக்கு முந்திய பொது முன்னோர் உண்டு, சிறிய மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து உயிர்கள் வேறு வேறாகின என்று சொன்னேன். இதற்குப் பெயர் கூர்ப்பு. பலகையில் ஒரு மரம் கீறினேன், கிளையில் ஒரு பக்கம் குரங்கு, இன்னொரு பக்கம் மனிதன். வாலைத் தடவச் சொல்லவில்லை. முள்ளந்தண்டின் நுனியில் வாலெலும்பு என்று ஒன்று இருக்கிறது என்றேன். அது இருக்கிறது, வாப்பா. விழுந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திமிங்கிலத்தையும் சொன்னேன். அதன் பின்பக்கத்தில், தசைக்குள்ளே, காலாகாத சிறு எலும்புகள் உண்டு. தரையில் நடந்த ஏதோ ஒன்றிலிருந்து அது வந்ததற்கு அடையாளம். துறைமுகத்தில் வேலை செய்தவர் நீங்கள், கரையொதுங்கியதைக் கண்டிருப்பீர்கள்.

உங்கள் யோசனையை ஏற்க ஏலாது. படித்துவிட்டு மறந்துவிடுங்கள் என்று சொல்வது பொய். ஆராய்ந்து கண்டதைத்தான் படிப்பிக்கிறேன், அதை உண்மை என்று நம்புகிறேன். சோதனைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று இரண்டு வாய் எனக்கு இல்லை. மனுவில் நீங்கள் விரல் வைத்தாலும் நான் குறை நினைக்க மாட்டேன்.

லெப்பை பேசியது என்னைச் சுடவில்லை. அதற்குப் பிறகு பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்காமல் போனதுதான் சுட்டது.

நிஸா ராத்தாவுக்கும் அசனாவுக்கும் அன்பு.

கனகமணி


கிண்ணியா
04.03.1980

அன்பு மகளுக்கு,

இந்த முறை லெப்பை நல்ல தமிழ் எழுத்தில் எழுதுகிறார். முதல் கடிதத்தைச் சரீப் வாடியடியில் வாசித்தார் என்று கேட்டதும் முகம் கறுத்துவிட்டது மனிசனுக்கு. “நான் என்ன செய்ய, கை அந்தப் பக்கம்தான் ஓடுது” என்றார். உங்கள் தாயாரிடம் இதற்காக நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். 

திமிங்கிலம் கண்டனான். வெள்ளைக்காரன் காலத்தில் நாங்கள் கப்பலுக்குக் கரி ஏற்றினோம். அப்போது நிலாவெளிப் பக்கம் ஒன்று ஒதுங்கியது. கப்பலிலிருந்து ஒரு தொரை மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு வந்து அதன் மேல் ஏறி நின்று படம் பிடித்தார், வழுக்கி விழுந்தார். நாற்றத்தில் நாய்கூடக் கிட்டப் போகவில்லை. எண்ணெய்க்காக வெட்டினார்கள். அதன் கண் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்றுகூட இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நீங்கள் சொல்கிற எலும்பை நான் பார்க்கவில்லை. தேடவும் இல்லை. கண்டேன் என்று சொன்னால் உங்களுக்கு உதவியாயிருக்கும், ஆனாலும் காணாததைக் கண்டேன் என்று சொல்ல ஏலாது.

இந்த இடத்தில் லெப்பைக்குச் சந்தோசம். “பாருங்க, இல்லையே” என்றார். “இல்லை எண்டு நான் எங்க சொன்ன? பார்க்கல்ல எண்டுதான் சொன்ன. ரெண்டையும் ஒண்டாக்காம எழுதுங்க” என்றேன். எழுதியிருப்பார் என்று நம்புகிறேன்.

என் பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்களுக்கெல்லாம் தகப்பன் ஆதம் நபி. அல்லாஹ் அவரை மண்ணால் படைத்தான். நான் கேட்டு வளர்ந்தது அது, மவுத்தாகும்போதும் அதோடுதான் போவேன். உங்கள் மரத்தில் எனக்குக் கிளை வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பிறகு லெப்பையிடம் ஒன்று கேட்டேன். “படைச்ச எண்டா, அந்த மண் எவ்வளவு காலம் கிடந்தது? அதுக்குள்ள என்ன நடந்தது?” அவர் பேனாவை வைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டார். பதில் பிறகு சொல்வார்.

இன்னொன்றும் நடந்தது. உங்கள் கடிதத்தை அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டு வாய் எனக்கு இல்லை என்ற இடத்தில் நிறுத்தி, திரும்ப ஒரு தரம் தனக்குள்ளே வாசித்தார். நான் உங்களுக்குச் சொன்ன யோசனையை இன்னொரு தரம் எழுதச் சொன்னேன். சும்மா சொல்லிவிடுங்கள், பிள்ளைகளின் படிப்பு முக்கியம் என்று. மாட்டேன் என்றார். “பொய் சொல்லச் சொல்லி எழுதுறதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க மரைக்கார். அவ பிழையைத்தான் சொல்றா, ஆனா நம்பித்தான் சொல்றா.” என்ன செய்வது, பேனா அவர் கையில்.

ஆகவே அந்த யோசனையை மீளப் பெற்றுக்கொள்கிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி கூட்டம். அதற்கு முதல் உங்கள் பதில் வேண்டும். வர விருப்பமா இல்லையா?

உங்கள் வாப்பா ஸ்தானத்தில்,
அபூதாஹிர் மரைக்கார்

(எழுதியவன் குறிப்பு: பார்க்கவில்லை என்றும் இல்லை என்றும் வித்தியாசம் எழுதியிருக்கிறேன். ஸெ. லெப்பை.)


இலங்கைத்துறை
11.03.1980

அன்புள்ள மரைக்கார் வாப்பாவுக்கு,

திமிங்கிலக் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தொரை வழுக்கி விழுந்த இடத்தில் சிரித்தா. கடிதம் முடிந்த பிறகு, “கண்டனான் எண்டு சொல்லியிருக்கலாம், சொல்லேல்ல” என்றா. மாற்ற விண்ணப்பத்தைப் பற்றி இரண்டு நாளாகக் கேட்கவும் இல்லை.

விருப்பமா என்று கேட்டிருக்கிறீர்கள். விருப்பம். காலையில் எழும்பினால் அசனாவுக்கு இன்னும் தவளையின் குருதிச் சுற்றோட்டம் சரிவரவில்லையே என்பதுதான் ஞாபகம். லெப்பையின் மகள் ஸல்ஹா கேள்வி கேட்கத் தொடங்கினால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டாள். அப்படிப்பட்ட பிள்ளைகளை விட்டுவிட்டு இங்கே மீன் அறுத்துக்கொண்டிருக்க எனக்கு மட்டும் மனமா?

ஆனால் ஒளித்துப் படிப்பிக்க வரமாட்டேன். கூர்ப்பை விட்டுவிட்டு மற்றப் பாடங்களை நடத்துங்கள் என்று பள்ளிக்கூட அதிபர் சொன்னார். அதுவும் ஏலாது. அந்தப் பாடத்தைக் கழற்றினால் மற்றதெல்லாம் தனித் தனித் துண்டு. பிள்ளைகளின் தகப்பன்மாருக்குத் தெரிந்து, அவர்களின் சம்மதத்தோடு படிப்பிக்க வேண்டும். நம்பு என்று நான் ஒரு பிள்ளையையும் கட்டாயப்படுத்தியதில்லை, இனியும் மாட்டேன். விளங்கிக்கொள், பிறகு கேள்வி கேள் என்றுதான் சொல்வேன்.

இதை வாசிக்கும் லெப்பை அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு என்னிடம் கேட்க இருப்பதை, நான் இல்லாத இடத்தில் கேட்காமல் வகுப்புக்கு வந்து கேளுங்கள். கதிரை போட்டு வைப்பேன். பிள்ளைகள் இரண்டு பக்கத்தையும் கேட்கட்டும்.

கனகமணி


கிண்ணியா
15.03.1980

அன்பு மகளுக்கு,

நேற்று ஜும்ஆ முடிந்து கூட்டம் நடந்தது. நடந்ததை ஒரு சொல் பிசகாமல் சொல்கிறேன். எனக்கு எழுத்துத்தான் இல்லை, காது இருக்கிறது.

மனுவை விரித்து மையை என் பக்கம் தள்ளினார்கள். “மரைக்கார், உங்கட விரல் மட்டுந்தான் பாக்கி” என்றார்கள். நான் உங்கள் இரண்டு கடிதத்தையும் எடுத்து லெப்பையிடம் கொடுத்து, எல்லாருக்கும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். சரீப் அளவுக்குச் சத்தமில்லை, ஆனாலும் கேட்டது. வாலெலும்பில் கொஞ்சம் சிரிப்பு. ஒருவர் மெல்ல இடுப்புக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனதை நான் கண்டேன், ஆளைச் சொல்ல மாட்டேன்.

பிறகு நான் விரலை வைக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லெப்பை எழும்பிவிட்டார்.

“நான் ஜும்ஆவில சொன்னதில ஒரு சொல்லையும் திருப்பி எடுக்கல்ல. அந்தப் பாடம் நம்மட நம்பிக்கைக்கு ஒத்து வராது. ஆனா இந்தப் புள்ள ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா அண்டைக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். தொழிலும் தப்பியிருக்கும், நாமளும் வாய மூடியிருப்பம். மரைக்காரும் அதைத்தான் சொல்லச் சொன்னார். அவ சொல்லல்ல. என்ட மகளுக்குப் படிப்பிக்கிறதுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் எனக்கு வேணும்.”

சபையில் ஒருவர், “அப்ப குரங்கு என்னாகிற?” என்று கேட்டார்.

“குரங்குக்கு நான் பதில் சொல்றன். பின்னேரம் புள்ளையள என்னட்ட அனுப்புங்க. அவ சொன்னத அவ சொல்லட்டும், நான் சொல்றத நான் சொல்றன். நம்மட புள்ளையள் ரெண்டு கதையக் கேட்டாப் பாழாப் போற புள்ளையளா?”

பிறகு கை வைத்த மரைக்கார் ஒருவர் மனுவை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று எழும்பிப் போனார்கள். அவர்களோடு இன்னும் கதைக்க வேண்டும், கதைப்பேன். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். இன்று காலை நம் வீட்டுக்கு வந்து விறாந்தையில் இருந்து தாங்களே படிக்கிறார்கள். ஸல்ஹா ரீச்சர் மாதிரி நின்றுகொண்டு அசனாவை ஏசுகிறாள்.

உங்கள் தாயாரிடம் கடிதத்தில் கேட்பது சரியில்லை. புதன்கிழமை நானும் நிஸாவும் லெப்பையும் ஆற்றைக் கடந்து அங்கே வருகிறோம். ஒரு வீட்டுப் பெண்பிள்ளையைத் தங்கள் ஊருக்கு அழைக்கிறவர்கள் எப்படிப் போக வேண்டுமோ அப்படி, பழமும் சீனியும் கொண்டு வாசலில் வந்து நின்று கேட்போம். தாயார் ஓம் என்று சொன்னால் எங்களோடு வாருங்கள். இல்லை என்றால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவோம், பிறகு இன்னொரு நாள் வந்து நிற்போம்.

இன்னொரு விசயம். இதை எழுத லெப்பைக்கு விருப்பமில்லை, சொல்ல வேண்டாம் என்று கெஞ்சுகிறார், எழுதாவிட்டால் சரீப்பைக் கூப்பிடுவேன் என்றேன். பிரச்சினை தொடங்கின நாளில் இவர் ஸல்ஹாவின் விலங்கியல் புத்தகத்தில் அந்தப் பாடம் உள்ள தாள்களை எல்லாம் சோற்றுப் பசை பூசி ஒன்றாக ஒட்டிவிட்டார். நேற்றுக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, தகப்பனும் மகளும் ஆவியில் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு தாளாகப் பிரித்திருக்கிறார்கள். எழுத்தெல்லாம் தப்பிவிட்டது. ஒரு படம் மட்டும் கிழிந்து போனது. என்ன படம் என்று பார்க்க, கிழிந்த துண்டுகளை வெயிலில் காயவைத்து அவரே பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னும் பிடிபடவில்லை.

வந்ததும் அந்தப் படத்தைப் பலகையில் கொஞ்சம் பெரிதாகக் கீறிவிடுங்கள். லெப்பைக்குக் கிட்டப் பார்வை.

அபூதாஹிர் மரைக்கார்