ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காட்சி

காட்சி ஒன்று. சமையலறை. பகல்.

(சும்மா சீட்டு எழுதி வைத்தால் நம் திரைக்கதை ஆசிரியர் கண்ணில் படாது. அதனால் வேலைக்குக் கிளம்பும் மனைவி இதைத் திரைக்கதையாகவே எழுதி ஒட்டிவிட்டுப் போகிறாள்.)

கதாநாயகன் ஒருவழியாக எழுந்து வருகிறான். சாப்பாட்டைச் சுடவைத்துத் தானே போட்டுச் சாப்பிடுகிறான். அடுப்பை அணைக்கிறான். இந்த ஷாட்டை வெட்டக் கூடாது.

குழாய் ரிப்பேர்காரர் வருகிறார். கதாநாயகன் கதவைத் திறக்கிறான். கதை சொல்ல ஆரம்பிப்பதில்லை. போன தடவை வந்தவர் இடைவேளை வரை கேட்டுவிட்டு, குழாயைத் தொடாமலே ஓடிப்போனார்.

முன்கதை: போன வாரச் சண்டையில் மனைவி கொட்டித் தீர்த்தபோது, "அதை இன்னொரு வாட்டி சொல்லு" என்றான். மனசு இளகிவிட்டான் என்று நம்பி அவளும் சொன்னாள். அவன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

நேற்று அதைத் திரைக்கதையில் வசனமாகப் படித்த தயாரிப்பாளர், "எந்தப் பொண்டாட்டி இப்படிப் பேசுவா? நம்பற மாதிரி இல்லையே" என்றாராம். இவனும் தலையாட்டிவிட்டு வந்து, "கொஞ்சம் இயல்பா மாத்திக் குடேன்" என்று அவளிடமே கேட்கிறான்.

பி.கு.: வசனம் மாறாது. சாயங்காலம் தயாரிப்பாளரை வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. நேர்லயே பேசிக் காட்டறேன். நீங்களும் பக்கத்துலயே நில்லுங்க.